மை பூசாத ஏடு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மன்றத்தில் குருபூசை ஒத்திகை தொடங்கியது. நாலு மணி என்று சொன்னால் ஐந்தரைக்குத்தான் ஆட்கள் வந்து சேருகிறார்கள். வந்ததும் காப்பி எங்கே என்று ஒரு கேள்வி. இந்த ஊரில் சங்கீதம் வளர்க்கிறவனுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். நான் செயலாளரான நாளிலிருந்து இந்தக் கூத்தைத்தான் பார்க்கிறேன்.

எங்கள் மன்றம் மணிக்கரிசல் சொக்கலிங்க அண்ணாவி பெயரில் இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் முருகன்மேல் தமிழில் கீர்த்தனைகள் பாடிய மகான். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்த அவர் பாட்டுகளைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டவர் என் அப்பா. அப்பா புத்தகத்தில் இருப்பது பாட்டு, இல்லாதது பாட்டில்லை. இதில் எவனுக்கும் சந்தேகம் வந்ததில்லை, இன்றுவரை.

இன்றைக்கு முகாரியில் ‘கேட்பாரில்லை என்றோ நினைத்தாய் வேலவா’ எடுத்தோம். பல்லவி, அனுபல்லவி, இரண்டு சரணம். அவ்வளவுதான் பாட்டு. எல்லோரும் நிறுத்திவிட்டோம். பெண்கள் வரிசையில் ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. மூன்றாவதாக ஒரு சரணம் போகிறது. யாரென்று திரும்பினால் என் வீட்டுக்காரி, செண்பகவடிவு. கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள்.

அடித்தகை இன்னதென் றம்பலத்தில் சொல்வேன்
ஆர்வந்து தடுத்தாலும் வாய்திறந்து நிற்பேன்

மிருதங்கக்காரன் வேறு அவள் பின்னாலேயே வாசித்துக்கொண்டு போகிறான், மடையன். முடித்துவிட்டு, “இது எங்கப்பா பாடம்” என்றாள், நான் கேட்காமலே. என் மாமனார் சங்கரன்கோவில் பக்கம் ஓதுவாராக இருந்தவர். போன பங்குனியில் தவறினார். உயிரோடு இருந்தவரை என் முன்னால் ஒரு நாள்கூட அவர் அந்தச் சரணத்தைப் பாடியதில்லை. அவர் போன தைரியத்தில் இவள் பாடுகிறாள். சாமியைப் பார்த்து ஒரு பொம்பளை, உன் கை அடித்தது, ஊர் நடுவில் சொல்வேன் என்று பாடுவதாம். அண்ணாவி இப்படி எழுதுவாரா?

வீட்டுக்கு வந்து கேட்டேன். பதில் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். கை பட்டுவிட்டது.

எனக்குக் கோபம் வரும், தங்காது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வடிவுக்கு உடம்பு சரியில்லை. காப்பி நானே போட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. தண்ணீர் மோட்டார் இன்னும் ஓடவில்லை, மோட்டார்க்காரனுக்கு மறுபடி போன் செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆவுடையப்பன் வந்தான். மன்றத்தின் பொருளாளர், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன், எனக்கு இரண்டு வகுப்பு இளையவன். வந்ததும் வராததுமாக, “மைனிக்கு உதட்டுல என்ன அண்ணாச்சி?” என்றான்.

“குளியலறையில வழுக்கிட்டு.”

“வயசாகுதுல்லா, பாத்துப் போகச் சொல்லும்” என்றான். நல்ல பிள்ளை. அதற்கு மேல் கேட்கவில்லை.

பேச்சு சரணத்தில் வந்து நின்றது. அவனுக்கும் மனசுக்குள் ஒரு உறுத்தல் இருக்கிறது போல. “மெட்டு என்னமோ அண்ணாவி கை மாதிரித்தான் இருக்கு அண்ணாச்சி” என்கிறான். நான் வாயைத் திறக்குமுன் அடுப்பங்கரை வாசலில் இருந்து இவள் சொல்கிறாள், “ஏட்டுல இருக்கு. எங்கப்பா கண்ணால பாத்திருக்காவ.”

அண்ணாவி கைப்பட எழுதிய ஏடு மணிக்கரிசலில் அவர் வம்சத்தார் வீட்டில் இருக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும். போய்ப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. அப்பா பார்த்திருக்கிறார். நான் பார்த்ததில்லை. அப்பா பார்த்து அச்சுப் போட்ட பிறகு நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

“அப்ப போய்ப் பாத்திருவோம். மன்றமே போவோம்” என்றேன். அவன் முன்னாலேயே சொன்னேன். “ஏட்டுல அந்தச் சரணம் இல்லைனா இனி நீ வாயைத் திறக்கக்கூடாது. சாமி முன்னாலகூட.”

“இருந்தா?” என்றாள்.

“இருந்தா குருபூசை மேடையில நீயே தனியா உக்காந்து பாடு. நான் ஒதுங்கிக்கிடுதேன்.”

“ஆவுடையப்பன் அண்ணே, நீங்க சாட்சி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உதடு வீங்கியிருந்ததால் பேச்சு கொழகொழவென்று வந்தது. ஆனாலும் திமிர் குறையவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பதினாறாம் தேதி சனிக்கிழமை என்று முடிவாகிவிட்டது. மன்றத்தில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி யார் எந்தச் சேலை என்பதுவரை பேச்சு. வேன் சொல்லியாயிற்று. காலைக்கு இட்லி, மதியத்துக்குப் புளிசாதமும் உருளைக்கிழங்கும். வடிவும் இன்னும் இரண்டு பெண்களும் செய்துவிடுவார்கள்.

மணிக்கரிசலுக்குப் போன் செய்தேன். ஏடு வைத்திருப்பவர் பிரமு டீச்சர். அண்ணாவியின் பேரன் மகள். தலைமை ஆசிரியையாக இருந்து ரிட்டயரானவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குரலே பிரம்பு மாதிரி இருக்கிறது. “கை கால் கழுவிட்டு வரணும். யாரும் தொடப்படாது. நான்தான் புரட்டுவேன், நான்தான் வாசிப்பேன். போன்ல படம் எடுக்கப்படாது” என்று பாடம் நடத்தினார். சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். எந்தப் பாட்டு பார்க்க வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். “அதைக் கேட்டு ஆளு வந்து ரொம்பக் காலம் ஆச்சு” என்றார்.

மகள் கோதை ஓசூரிலிருந்து பேசினாள். நான் எடுத்தால், “அப்பா, அம்மாவக் குடுங்க” என்பதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு வேறு பேச்சு வராது. பெற்று வளர்த்ததற்கு இதுதான் மரியாதை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வடிவு காதில் இரைச்சல் என்கிறாள். காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். நான் கூட்டிப் போகாவிட்டால் யார் கூட்டிப் போவார்கள்? டாக்டர் சின்னப் பெண். பார்த்துவிட்டு என்னை வெளியே உட்காரச் சொன்னாள். புருஷன் நான், எதற்கு வெளியே? அப்புறம் கூப்பிட்டு, “பழைய கிழிசலும் இருக்கு சார், புதுசும் இருக்கு” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தே சொன்னாள். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாதாம்.

திரும்பி வரும்போது வடிவு ஆட்டோவில் அந்தக் கடைசியில் உட்கார்ந்து வந்தாள். வழியில் மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டாள், தலையில் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையிலிருந்து வீடு முழுக்கப் புளிக்காய்ச்சல் வாசம். இரண்டு பெண்களும் வந்து போனார்கள். அவர்கள் போனதும் இவள் அடுப்பு முன்னால் நின்றுகொண்டு அந்தச் சரணத்தை முனகுகிறாள். வாய்க்குள்தான். ஆனால் எனக்குக் கேட்கிறது. என் காது அப்படி. ஒரு மைல் தள்ளி அபசுரம் விழுந்தாலும் எனக்குத் தெரியும்.

இதையும் எழுதிவிடுகிறேன். அபசுரம் இல்லை. இவளைப் பெண் பார்க்கப் போன அன்றைக்கும் முகாரிதான் பாடினாள். நான் காப்பியைக் கீழே வைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தேன். அம்மா நகை பற்றிப் பேச வாயெடுத்தாள். ஒன்றும் வேண்டாம், இந்தப் பெண்தான் என்றேன். அப்படி ஆசைப்பட்டுக் கட்டியவன் நான். கல்யாணத்துக்குப் பிறகு கச்சேரிக்கு இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். கண்ட ஆம்பளைகள் முன்னால் உட்கார்ந்து பாட வேண்டாம் என்றேன். கோஷ்டியில் பாடட்டும், நான் இருக்கிற இடத்தில். அதில் என்ன தப்பு?

“நிறுத்துட்டி” என்றேன். நிறுத்தவில்லை. கேட்கவில்லை என்று அப்புறம் சொன்னாள். கையில் சொம்பு இருந்தது. சுவரில் பட்டு சுண்ணாம்பு பெயர்ந்துவிட்டது. அவள் மேல் படவில்லை. புளிக்காய்ச்சல் சட்டி மட்டும் கவிழ்ந்தது. அவள் மறுபடியும் கரைத்தாள். பாதத்தில் சிவந்து போய் இருந்தது, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டாள்.

நாளைக்கு எல்லாம் முடிந்துவிடும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். ஊரில் பத்து விதமாகப் பேசுவார்கள்.

வேன் விடியக் கிளம்பியது. பாட்டும் கேலியுமாகத்தான் போனோம். கரிசல் காட்டில் வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிட்டோம். பிரமு டீச்சர் வீடு சாதாரண மாடி வீடு, கம்பிக் கதவு, வாசலில் ஸ்கூட்டர். ஏடு இரும்பு பீரோவில் இருந்தது. கை கால் கழுவி, எல்லோரும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். டீச்சர் சூடம் காட்டிவிட்டுப் பட்டுத்துணியைப் பிரித்தார். மேலும் கீழும் மரச்சட்டம், நடுவில் ஓலைகள். அண்ணாவி கைபட்ட ஓலை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆவுடையப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

டீச்சர் பாட்டைத் தேடி எடுத்தார். எழுத்துகள் கருகருவென்று முத்து முத்தாக இருந்தன. பல்லவி வாசித்தார், அனுபல்லவி, முதல் சரணம், இரண்டாம் சரணம். எல்லாம் அப்பா புத்தகத்தில் இருக்கிறபடி, ஒரு சொல் மாறவில்லை. என் நெஞ்சு எப்படி நிமிர்ந்தது என்று எழுத்தில் சொல்ல முடியாது. “இன்னும் ஒரு ஓலை இருக்கு. இருங்க வாரேன்” என்று டீச்சர் எழுந்து உள்ளே போனார்.

தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்தான். ஆனால் பொறுமை இல்லை எனக்கு. அடுத்த ஓலையை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வெறும் ஓலை. பழுப்பாக, மொட்டையாக. திருப்பிப் பார்த்தேன், அந்தப் பக்கமும் அப்படித்தான்.

எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன். “எங்கவே இருக்கு மூணாவது சரணம்? யாராவது பாத்துச் சொல்லுங்க.” வரிசையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். சிலர் சிரித்தார்கள். “அண்ணாச்சி சொன்னது சரிதான்” என்றார்கள். வடிவிடம் கொண்டுவந்தேன். அவள் தள்ளி நின்று பார்த்தாள். அப்படிப் பார்த்தால் எப்படித் தெரியும்? கழுத்தைப் பிடித்து ஓலையில் மூக்குப் படும்படி குனிய வைத்தேன். “பாருட்டி. நல்லாப் பாரு. உங்கப்பன் பாடம் எங்க இருக்கு?” அவள் முழங்கால் தரையில் இடித்துக்கொண்டது. “இது மேல கைய வெச்சு இனிமே பாடமாட்டேன்னு சொல்லு.”

அவள் ஓலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொல்லவில்லை. ஒரு பயலும் குறுக்கே வரவில்லை, அது அவர்கள் மரியாதை.

அப்போது டீச்சர் வெளியே வந்தார். கையில் கிண்ணம். “விடுங்க அந்தப் பிள்ளையை” என்றார், ஒண்ணாம் வகுப்புப் பையனை அதட்டுகிற மாதிரி. எனக்குக் கை தானாக விட்டுப்போயிற்று. “தொடப்படாதுன்னு சொன்னேன்லா. எதுக்கு எடுத்தீங்க? அதுல இன்னும் மை பூசல” என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறுவார்கள், கீறல் ஓலை நிறத்திலேயே இருக்கும், மை தடவினால்தான் எழுத்து தெரியும் என்றார். வருஷா வருஷம் மை மங்கும், மறுபடி பூச வேண்டும். அந்த வீட்டில் ஒரு பழக்கம், பாடுகிற பாட்டுக்குத்தான் மை பூசுவார்கள். ஊரில் பாடாமல் விட்டதை அப்படியே விட்டுவிடுவார்கள். “இந்தச் சரணத்தைப் பாட ஆளில்லாம எங்க தாத்தா காலத்தோட நின்னு போச்சு. நீங்க போன் பண்ணப்புறம்தான் இன்னைக்கு மை கரைச்சேன்.”

கோவை இலைச் சாறும் விளக்குக் கரியும். துணியைத் தொட்டு ஓலையில் ஒரு இழுப்பு இழுத்தார். ஓலை முழுக்கக் கறுப்பு. இன்னொரு துணியால் துடைத்தார். கறுப்பு போய்விட்டது, எழுத்து நின்றது. அ. டி. த். த. கை. இருபது தலை குனிந்து பார்த்தது. டீச்சர் வாசித்தார். வடிவு அன்றைக்குப் பாடினாளே, அதேதான். ஒரு சொல் மாறவில்லை.

“எங்கப்பா இதைப் பாத்ததில்லையா?” என்றேன்.

“பாத்தாரு. எங்க தாத்தாதான் மை பூசிக் காட்டினாரு. பொம்பளை வாயில இப்படி ஒரு வார்த்தை வரப்படாது, இதை விட்டுருவோம்னு சொன்னது உங்கப்பாதான். நான் பாவாடை கட்டிக்கிட்டு அந்தத் தூண்கிட்ட நின்னேன்.”

அப்பாவைச் சொன்னதும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. ஓலையை வாங்கப் போனேன். அந்தம்மா கொடுக்கவில்லை. இழுத்தேன். மணிக்கட்டைத் திருகித்தான் எடுக்க வேண்டியிருந்தது, மட்டையை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஓலையை இரண்டாக ஒடித்தேன். அது மூன்றாக ஒடிந்தது. காலில் போட்டு மிதித்தேன். வடிவு குனிந்து எடுக்க வந்தாள். பக்கத்தில் மரச்சட்டம் கிடந்தது. கை நீண்டுவிட்டது. நெற்றியில் பட்டது. இன்னொன்று தோளில். அப்புறம் எத்தனை என்று தெரியாது. அவள் கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஆவுடையப்பன் ஓவென்று அழுதான். அவன் அப்பா செத்தபோதுகூட அவன் அழுது நான் பார்த்ததில்லை. மண்டிபோட்டு ஓலைத் துண்டுகளை வேட்டி முந்தியில் பொறுக்கினான். மற்றவர்களும் பொறுக்கினார்கள். ஒருத்தி தரையில் சிந்திய ரத்தம் ஏட்டில் படாமல் முந்தானையால் அணை போட்டாள். “மகாபாவி, அண்ணாவி எழுத்தை மிதிச்சுட்டியேடா” என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். என்னை ‘டா’ போட்டவர் முந்தாநாள்வரை நான் வந்தால் எழுந்து நிற்பவர். வடிவு சுவரைப் பிடித்துத் தானாக எழுந்தாள். டீச்சர் ஒடிந்த கையை மற்றக் கையில் ஏந்திக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

அங்கிருந்து ஸ்டேஷன். வேனிலேயே கொண்டுபோனார்கள். இதை எழுதுவதும் இங்கே காவலில் உட்கார்ந்துதான், போலீஸ்காரரிடம் தாள் கேட்டு வாங்கி. புளிசாதம் பின்சீட்டில் அப்படியே இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். ஆவுடையப்பன் புகார் எழுதிக் கொடுத்தான். தெய்வத்துக்குச் சமமான ஏட்டை உடைத்தது, மிதித்தது, டீச்சர் கையை ஒடித்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இந்தம்மா நெத்தியில என்ன? அதைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லையே?”

“அது குடும்ப விசயம் மேடம். ஏடு பொதுச்சொத்து” என்றான் ஆவுடையப்பன்.

நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்.

“என் புகாரைத் தனியா எழுதிக்கிடுங்க” என்றாள் வடிவு. நெற்றியில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மாமனார் தேவாரம் ஓதுவாரே அந்த மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். வருஷம் சொன்னாள், மாசம் சொன்னாள், என்ன கொண்டு அடித்தது என்று சொன்னாள். எனக்கே மறந்து போனதெல்லாம். கோதை வயிற்றில் இருந்தபோது நடந்ததுகூட. “வலது காது சுத்தமாக் கேக்காது மேடம். சுருதிப்பெட்டிய இடது பக்கம் வெச்சுக்கிட்டுத்தான் பாடுதேன்” என்றாள்.

இடது பக்கம் வைப்பது அவள் வழக்கம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மன்றத்துக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆவுடையப்பன் மட்டும், “மைனி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா” என்றான்.

“என் உதட்டைப் பாத்தீங்கல்லா அண்ணே” என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

ஜாமீன் கிடைத்தது. வீட்டில் யாரும் இல்லை. வடிவு மணிக்கரிசலில் டீச்சர் வீட்டில் இருக்கிறாள். நெற்றியில் தையல். அவள் இருக்கும் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு. கட்டியவளைப் பார்க்க எனக்குத் தடை.

சாதம் குழைந்துவிட்டது. மோட்டார்க்காரன் வரவே இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மன்றக் கூட்டம். என்னை நீக்கிவிட்டார்களாம். ஏட்டை உடைத்ததற்காக. சொல்லி அனுப்பினார்கள், நேரில் வரக்கூட ஒருவனுக்கும் தைரியம் இல்லை. அப்பா தொடங்கிய மன்றம்.

ஏட்டைப் பொறுத்தவரை நான் செய்தது தப்பு. அதை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதிவிட்டேன். அண்ணாவியிடம் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. ஓலை இப்போது இல்லை. சாட்சி இல்லை. அப்பா புத்தகம் இருக்கிறது. அப்பா புத்தகத்தில் இரண்டு சரணம். இதை அவர்களால் மறுக்க முடியுமா?

செப்டம்பர் 2, செவ்வாய்

கோதைக்குப் போன் செய்தேன். எடுத்தாள். “அம்மாகிட்டப் பேசணும்” என்றேன். “எனக்குச் சின்ன வயசுல, நீங்க வாசல் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டா ஒண்ணுக்குப் போயிரும்பா” என்றாள். வைத்துவிட்டாள். இதெல்லாம் பெற்ற அப்பனிடம் பேசுகிற பேச்சா?

செப்டம்பர் 7, ஞாயிறு

குருபூசை அழைப்பிதழ் ஒன்று கடைத்தெருவில் கைக்கு வந்தது. ‘கேட்பாரில்லை என்றோ, முகாரி, மூன்று சரணங்களுடன். பாடுபவர் செண்பகவடிவு.’ பந்தயம் போட்டது நான்தானாம், ஏடு பதில் சொல்லிவிட்டதாம், அவள் பாடியே ஆக வேண்டும் என்று டீச்சர் ஒற்றைக் காலில் நின்றாராம். மன்றத்தில் பாதிப் பேருக்கு இஷ்டமில்லை. வழக்கு நடக்கும்போது எதற்கு வம்பு என்று இழுத்தார்களாம்.

பாட விட மாட்டேன். என் அப்பா திருத்தியதை என் மேடையில் என் பெண்டாட்டி கலைத்துப் பாட, ஊரே உட்கார்ந்து கேட்பதா? உத்தரவாவது மண்ணாவது.

செப்டம்பர் 15, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும். வலது கை கட்டுப் போட்டிருக்கிறது. இங்கே ஆஸ்பத்திரியில் வாசலில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். பேனா கேட்டேன், கொடுத்தார்.

நேற்று மண்டபத்துக்குப் போனேன். பின்வாசல் எனக்குத் தெரியாதா, சாவி செய்து வைத்தவனே நான்தானே. படுதாவுக்குப் பின்னால் நின்றேன். கூட்டம் நிறைய. நான் நடத்தியபோது இவ்வளவு வந்ததில்லை. வடிவு நடுவில் உட்கார்ந்திருந்தாள், நெற்றியில் தையல் போட்ட இடம் தெரிய. மறைத்துப் பொட்டு வைக்கவில்லை. முன் வரிசையில் டீச்சர், கையில் மாவுக்கட்டு.

பல்லவி எடுத்தாள். முதல் சரணம், இரண்டாம் சரணம். இரண்டோடு நிறுத்திவிடுவாள் என்று ஒரு நிமிஷம் நம்பினேன், சத்தியமாக நம்பினேன். நிறுத்தியிருந்தால் நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன்.

‘அடித்தகை’ என்று எடுத்ததும் நான் மேடையில் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. மிருதங்கம் நின்றது, பிடில் நின்றது. அவள் முன்னால் போய்க் கையை ஓங்கினேன். ஓங்கினால் அவள் கண்ணை மூடித் தலையை இடது தோளுக்குள் இழுத்துக்கொள்வாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான். நேற்று இழுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ‘இன்னதென் றம்பலத்தில் சொல்வேன்’ என்று பாடினாள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, வாத்தியம் எதுவும் இல்லாமல். பயம் இல்லாத அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சுருதிப்பெட்டியை உதைத்தேன். அது பறந்து தூணில் மோதிச் செத்தது. மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை, அவள் குரல் தவிர. மறுபடி கையை ஓங்கினேன்.

பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள். ஆவுடையப்பன். “இறக்கும்வே கைய” என்றான். என்னைப் பேர் சொல்லவில்லை, அண்ணாச்சி என்று சொல்லவில்லை. நான் திமிறினேன். அவன் முகத்தில் இடது கையால் குத்தினேன், அவன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது, விடவில்லை. அதற்குள் மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். பெண்களும் ஏறினார்கள். மணிக்கரிசலில் ஓலை பொறுக்கிய அதே கைகள். கையை முதுகுக்குப் பின்னால் திருகினார்கள். முழங்கைக்குக் கீழே உடைந்தது. குப்புறத் தள்ளினார்கள். என் மேல் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று தெரியாது. பல் ஒன்று உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. எனக்கு வலித்தது. நான் கத்தினேன் என்று சொல்கிறார்கள்.

அவள் நிறுத்தவில்லை. ‘ஆர்வந்து தடுத்தாலும்’ என்று அடுத்த வரிக்குப் போனாள். என் கன்னம் மேடைப் பலகையில் அழுந்திக் கிடந்தது. அந்தப் பலகை வழியாகக் குரல் எனக்குள் வந்தது. சரணத்தை முடித்து மறுபடி பல்லவிக்கு வந்து, அதை மூன்று தரம் பாடி, நிதானமாக இறக்கினாள்.

யார் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், வழக்கு எப்படி வேண்டுமானாலும் போகட்டும். நான் அண்ணாவி பாட்டிலேயே வளர்ந்தவன். பாட்டு விஷயத்தில் பொய் எழுதினால் என் கை அழுகிவிடும். பெட்டி இல்லாமல், பக்கவாத்தியம் இல்லாமல், அத்தனை பேர் அடிதடிக்கு நடுவில் பாடினாள். சுருதி ஒரு மயிரிழை விலகவில்லை.